மாத்திரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினந்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் சேதமடைகிறது. வெயிலும் புகையும் வேண்டியதில்லை. உடலுக்குள் இருக்கும் தண்ணீரும் ஆக்சிஜனுமே போதும். அந்தப் பழுதைச் சரிசெய்யும் புரதங்களுக்கு உத்தரவு வரும் விதம்தான் சுவாரசியமானது. புரதத்தின் மேல் ஒரு சிறு வேதிப்பொருள் ஒட்டினால் அது வேலையைத் தொடங்கும். இன்னொன்று ஒட்டினால் விலகும்.

பார்ப்-1 என்ற புரதத்தைப் பாருங்கள். டிஎன்ஏவின் ஓர் இழை அறுந்த சில விநாடிகளில் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. செல்லில் இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறை உடைத்து, அதன் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து அக்கம்பக்கத்துப் புரதங்களின் மீதும் தன் மீதும் ஒட்டுகிறது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் பழுதுபார்க்கும் மற்ற புரதங்கள் வந்து சேர்கின்றன. சங்கிலி நீண்டு அதன் எதிர்மின்னேற்றம் கூடியதும் டிஎன்ஏ பார்ப்-1ஐத் தள்ளிவிடுகிறது.

ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரை கைவைப்பது இங்கேதான். என்ஏடி உட்காரவேண்டிய குழியை மருந்து அடைத்துவிடுவதால் சங்கிலி உருவாவதில்லை. பார்ப்-1 டிஎன்ஏவிலேயே சிக்கிக்கொள்கிறது. செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது அந்த முட்டுக்கட்டையில் மோதி இரண்டு இழைகளும் அறுகின்றன. நல்ல செல் பிஆர்சிஏ என்ற புரதங்களைக் கொண்டு அதைப் பிழையில்லாமல் இணைத்துக்கொள்ளும். பிஆர்சிஏ மரபணு கெட்டுப்போன புற்றுநோய்ச் செல்லுக்கு அந்த வழி கிடையாது, சாகிறது. பார்ப்-1ஐத் தடுத்தால் இத்தகைய செல்கள் சாகின்றன என்பதை 2005இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அமெரிக்கா 2014 டிசம்பரில் மருந்துக்கு அனுமதி தந்தது.

பலன் சாதாரணமானதல்ல. பிஆர்சிஏ குறைபாட்டுடன் முற்றிய சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, கீமோவுக்குக் கட்டுப்பட்ட பெண்களிடம் நடந்த சோலோ-1 ஆய்வில், மூன்றாண்டு கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஒலாபரிப் எடுத்தவர்களில் 60 சதவீதம்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம். (சில கட்டிகள் பிஆர்சிஏவை மறுபடி செயல்பட வைத்து மருந்திலிருந்து தப்பிவிடுகின்றன என்பதும் உண்மை.)

ஆக, மருந்து வேலை செய்யுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணுப் பரிசோதனை. மருந்து விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. அமெரிக்காவில் மிரியட் என்ற ஒரே நிறுவனம் பிஆர்சிஏ காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனைக்கு 3,000 டாலருக்கும் மேல் வாங்கியது. இயற்கையான டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்ததும் போட்டி நிறுவனங்கள் களமிறங்கின.

நம் நாட்டில் செய்யவேண்டியது இதுதான்: சினைப்பைப் புற்றுநோய் உறுதியானவுடனேயே, "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்ற கேள்விக்கு வரும் பதிலுக்குக் காத்திராமல், அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், செலவை அரசுக் காப்பீடு ஏற்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்திராத பெண்களிடமும் இந்தக் குறைபாடு இருக்கிறது.

ஒருவருக்குக் குறைபாடு தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு மரபணுவின் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அக்கா தங்கைகளோடு அண்ணன் தம்பிகளையும் அழைக்க வேண்டும். பிஆர்சிஏ மரபணுக்களில் ஒன்றான பிஆர்சிஏ-2இன் குறைபாடு ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது, 2020 முதல் அமெரிக்காவில் அந்த நோய்க்கும் ஒலாபரிப் தரப்படுகிறது.