மெஷின்ல அடிச்சா அது வீட்டு கேக் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுக் கடந்து போகலாம், கோபமில்லை.

எங்கள் ஏனாத்தூரில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் இப்போது நான்கைந்து பேர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் பிறந்தநாளுக்குப் பஞ்சமில்லை. விடுதிப் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெட்டுவதற்கு மதியமே வாட்ஸ்அப்பில் அரைக் கிலோ சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம் அறிவியல் படித்தவள். கணவருக்குத் தறி வேலை. வலது தோள்பட்டை வலி தாங்காமல் ஒரு ஸ்டாண்ட் மிக்சர் வாங்கலாமா என்று யோசித்திருக்கிறாள். மாமியார், "கையால அடிச்சாத்தாம்மா ருசி" என்றாராம். கணவர், "மெஷின்ல அடிச்சா கடை கேக் மாதிரி ஆயிடும்" என்றாராம். வாடிக்கையாளர் ஒருவர் எல்லாரையும் தாண்டிவிட்டார்: "மெஷின் வாங்கிட்டா ரேட்டைக் குறைப்பீங்கள்ல?"

இந்த மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையையும் வெண்ணெயையும் அடிப்பது கலை இல்லை, உடல் உழைப்பு. அதை மோட்டார் செய்தால் கேக்குக்கு ஒரு குறையும் வராது. விலையைக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் எல்லாரும் ஓடிப்போய் அந்த மெஷினை வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. அதற்கான காரணம் வேறு, பிறகு வருகிறேன்.

கேக் உப்புவதற்குக் காரணம் பேக்கிங் பவுடர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அந்தக் குமிழ்களைத்தான் பெரிதாக்கும், புதிதாக உண்டாக்காது. முட்டை ஸ்பாஞ்சிலும் சங்கதி காற்றுதான். கையால் அடித்தால் அரை மணி நேரம் ஆகிற வேலை, மெஷினில் எட்டு பத்து நிமிடம். உள்ளே போன காற்றுக்குத் தன்னை உள்ளே தள்ளியது கையா மோட்டாரா என்று தெரியாது.

மிக்சியில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். மிக்சி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி அரைக்கும், சூடாக்கும். காற்றைப் பிடித்து நிறுத்தி வைக்காது. ஸ்டாண்ட் மிக்சரின் கம்பி, பூமி மாதிரி. தன்னைத்தானே ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே, கிண்ணத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வரும். அதனால் கிண்ணத்தின் எல்லா இடத்துக்கும் போகும். (பூமி இரண்டு சுற்றையும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. யாராவது கமெண்டில் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

இந்த மெஷின் பிறந்த கதையும் பொருத்தமானது. அமெரிக்காவில் ஹோபார்ட் கம்பெனியின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், 1908இல் ஒரு பேக்கரிக்காரர் இரும்புக் கரண்டியால் ரொட்டி மாவைக் கிண்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்து யோசித்தது அது. முதலில் பெரிய சமையற்கூடங்களுக்குப் போனது. கிச்சன்எய்டு என்ற பெயரில் வீட்டுக்கு வந்தது 1919இல், எடை 65 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோ. பாருங்கள், கூலிக்கு மாவு கிண்டிய ஒரு ஆணின் கை வலி உடனே ஒரு பொறியியல் பிரச்சினை ஆகிவிட்டது. நம் வீட்டில் அதே வலி "கைமணம்" ஆகிவிடுகிறது.

கிரைண்டர் வந்தபோதும் இதே பேச்சுதான். கோவையில் பி. சபாபதி 1955இல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அது நம் ஊர்ப் பக்கம் பரவியபோது, "ஆட்டுக்கல்லு மாவு மாதிரி வருமா" என்ற குரல் எல்லா வீட்டிலும் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று நினைத்துப் பாருங்கள். குழவியைப் பிடித்தவர்கள் குரல் இல்லை, திண்ணையில் உட்கார்ந்து இட்லிக்குக் காத்திருந்தவர்கள் குரல். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011இல் அரசாங்கம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. ஆட்டுக்கல் வாசலில் கிடக்கிறது. இட்லி இட்லியாகத்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் "கை" என்ற சொல்லின் மதிப்பு தெரியும். தெரிந்ததால்தான் அதைக் கேக் மேல் இவ்வளவு சுலபமாக ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. குறிப்பிட்ட புடவை ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டமே போட்டார்கள். விசைத்தறியில் ஓட்டிவிட்டுக் கைத்தறி என்று விற்றால் அது மோசடி, ஒரு நெசவாளியின் சோற்றில் கை வைப்பது. கேக்கில் அப்படி யார் வயிற்றிலும் அடி விழவில்லை. அவள் போர்டில் "வீட்டில் செய்தது" என்றுதான் எழுதியிருக்கிறாள். செய்வதும் வீட்டில்தான்.

இன்னொன்று. நம் தறியிலும் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த அந்த ஏற்பாடு வரும் முன்பு, அடை கட்டி நூலை இழுத்து இழுத்து டிசைன் போட்டார்கள். ஜக்கார்டு வந்ததால் காஞ்சிப் பட்டின் பெயர் போய்விடவில்லை, விலையும் இறங்கவில்லை. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும். பல வீடுகளில் அந்தத் துணைக்கை மனைவியுடையது, அதற்குத் தனிக் கூலி கிடையாது. இப்போது கேக்கிலும் அந்தக் கையைக் கணக்கில் சேர்க்காமல் விடப் பார்க்கிறோம்.

சரி, வாங்கலாமா? அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என்ன செய்து விற்கிறோம் என்று பாருங்கள். இது கோயில் ஊர். எக்லெஸ் கேட்பவர்கள்தான் அதிகம். தயிரோ வினிகரோ சோடாவோடு சேர்த்துச் செய்கிற எக்லெஸ் கேக்குக்கு இந்த மெஷினே வேண்டாம். மைதா சேர்த்த பிறகு அதை அதிகம் அடித்தால் வாயுவும் போய், மாவில் பசைத்தன்மையும் ஏறி, கேக் ரப்பர் மாதிரி வரும். கரண்டியால் பதமாகக் கலந்தால் போதும். அதற்கு மேலே பூசும் கிரீம்தான் கையை ஒடிக்கும் வேலை. அதற்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கைப்பிடி பீட்டரே போதும். ஒரு கப் கிரீமை ஐந்து லிட்டர் கிண்ணத்தில் ஊற்றினால் பெரிய மெஷினின் கம்பி அதைச் சரியாகத் தொடாது.

அடுத்தது அடுப்பு. வீடுகளில் இருக்கும் 25, 30 லிட்டர் ஓடிஜியில் ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு டின். ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாது. மெஷின் நான்கு கேக்குக்கு மாவை ஒரே தடவையில் அடித்துக் கொடுத்துவிடும். அடுப்பில் இடமில்லாமல் காத்திருக்கும் முட்டை மாவு, அடித்த காற்றை எல்லாம் இழந்து உட்கார்ந்துவிடும். அதனால் கையில் பணம் இருந்தால் முதலில் பெரிய அடுப்பு, பிறகு மிக்சர். பன், ரொட்டி செய்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். மாவு பிசைவதற்கு கைப்பிடி பீட்டர் உதவாது, தோளும் தாங்காது. அவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

நம் வெயிலையும் மறக்காதீர்கள். "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று யூடியூபில் சொல்பவர்களின் அறை 20 டிகிரி. சித்திரை மாதம் நம் சமையலறை 35க்கு மேல். வெண்ணெய் உருகிவிட்டால் எந்த மெஷினாலும் அதில் காற்றை நிறுத்த முடியாது. பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் அடிக்க ஆரம்பித்துவிடுங்கள். கிரீமுக்குக் கிண்ணத்தையும் கம்பியையும் சேர்த்தே குளிர வையுங்கள். மாவு பிசையும்போதும் உராய்வில் சூடேறும், பன் மாவுக்கு ஜில் தண்ணீர் ஊற்றுங்கள்.

அவள் வாரத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆர்டர் செய்கிறாள். பாதி முட்டை கேக். போன தீபாவளியிலிருந்து பன்னும் போடுகிறாள். அடுப்பும் பெரிதாக மாற்றிவிட்டாள். அதனால் அவளை வாங்கச் சொல்லிவிட்டேன். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின் இல்லை, பத்தாயிரத்துக்குள். அந்த வீட்டில் இரண்டு வருடம் முன்பு தவணையில் பைக் வாங்கியபோது, "நடந்து போனாத்தான் உடம்புக்கு நல்லது" என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

விலையை? அரைக் கிலோ 450 ரூபாய். ஒரு பைசா குறைக்காதே என்றேன். மெஷின் விலை, கரண்ட், தேய்மானம் எல்லாம் அதில்தான் திரும்பி வரவேண்டும். மிச்சப்படும் இரண்டு மணி நேரம் வாடிக்கையாளருடையது இல்லை, அவளுடையது.

வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மெஷின் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. கெட்டி மாவைத் திருப்பும் விசை வேறு, அது பல்சக்கரத்தைப் பொறுத்தது. உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக்கா உலோகமா, கெட்டி மாவு அதிகபட்சம் எவ்வளவு கிலோ, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தரவேண்டும், கம்பி உடைந்தால் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் காஞ்சிபுரத்திலேயே உண்டா அல்லது சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.