பன்றிக்கறி மேல் போடும் பழி

மூளையிலோ தண்டுவடத்திலோ புழுக்கட்டி என்று ஸ்கேனில் வந்தால், "பன்றிக்கறி தின்றிருப்பான்" என்பதே நம் முதல் தீர்ப்பு. பெருமுக்கல் டீக்கடையிலும் இதுதான், திண்டிவனத்துப் படித்த வீடுகளிலும் இதுதான். தப்பான தீர்ப்பு.

சரியாக வேகாத பன்றிக்கறியில் புழுக்கட்டி இருந்தால், தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். சில மீட்டர் நீளம்கூடப் போகும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. வினை அதன் முட்டையில் இருக்கிறது. மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை, கீரைக்கட்டு, தண்ணீர் வழியாக யார் வாய்க்குள்ளும் போகலாம், புழு வைத்திருப்பவரின் வாய்க்குள்ளேயேகூட. உள்ளே போனதும் குஞ்சு வெளிவந்து, குடற்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஓடித் தசையிலும் கண்ணிலும் மூளையிலும், அபூர்வமாகத் தண்டுவடத்திலும் நீர்க்கட்டியாகத் தங்குகிறது. சாம்பாரும் கீரையும் மட்டுமே சாப்பிடுபவருக்கு இதில் என்ன விலக்கு?

நியூயார்க்கில் பன்றியை மதப்படி விலக்கிய யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்ததை 1992இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்களின் குடற்புழுவே மூலம் என்பது அவர்கள் முடிவு. (உடனே வேலைக்காரம்மா மேல் பாய வேண்டாம், புழு முதலாளியின் குடலிலும் வளரும்.) வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாவட்டத்து வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணமாக இருந்தது. அத்தனை பேருமா பன்றி தின்றவர்கள்? பன்றி வளர்ப்பவரையும் தின்பவரையும் ஏற்கெனவே கீழாகப் பார்க்கும் ஊருக்கு இந்தப் பழி வசதியாக இருக்கிறது, அவ்வளவே.

வசதிக்கு விலையும் உண்டு. முதுகுவலி, கால் மரப்பு, தள்ளாடும் நடை, சிறுநீர் அடைப்பு என்று வரும்போது, "நாம சைவம், நமக்கு ஏது புழு" என்று வாயுவுக்கு எண்ணெய் நீவிக்கொண்டு நாளைக் கடத்துகிறோம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுவை ஜிப்மரும் பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். பள்ளியில் தரும் ஒற்றைப் பூச்சி மாத்திரை இதற்கு ஆகாது. அதே அல்பெண்டசோலை, உடல் எடைக்கேற்பப் பல நாள், மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டும். புழு சாகும்போது சுற்றிலும் வீங்கும். தண்டுவடம் இருப்பதோ குறுகலான எலும்புக் குழாயில். அதனால் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். கண்ணில் கட்டி இல்லை என்று பார்த்த பிறகே மாத்திரை தொடங்கும். நரம்பை அழுத்தினால் அறுவை சிகிச்சை.

இவ்வளவும் ஆன பிறகு, வீட்டிலுள்ள எல்லோரும் மலப் பரிசோதனை செய்யுங்கள் என்றால், "நாங்க அந்தக் கறியைத் தொட்டதே இல்லை" என்று முகம் சுளிக்கிறார்கள். குடலில் இருக்கும் நாடாப்புழுவைச் சில மாத்திரைகளில் தீர்த்துவிடலாம். சோதிக்காமல் விட்டால், அதே சமையற்கட்டில் அதே கை நாளையும் சோறு பிசையும்.