விடை சி

போன மாதம் கூத்தாநல்லூர் போயிருந்தபோது அக்கா மகன் சிசிஎன்ஏ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். படித்துக்கொண்டிருந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. செல்போனில் ஒரு பிடிஎஃப்பை உருட்டிக்கொண்டிருந்தான். சில நூறு கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் பச்சை நிறத்தில் விடை.

ஒரு கேள்வியைக் காட்டிக் கேட்டேன்.

"சி, மாமா."

"கேள்வியையே இன்னும் முழுசாப் படிக்கலியேடா?"

"192.168.10.70, ஸ்லாஷ் 26ன்னு ஆரம்பிச்சா சிதான். நெட்வொர்க் அட்ரஸ் 64ல முடியும்."

விடை சரி. ஒரு தாளில் அதே கேள்வியை எழுதி, 70ஐ அடித்துவிட்டு 130 என்று போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது டம்ப்ஸ்ல இல்லியே மாமா" என்றான்.

ஸ்லாஷ் 26 என்றால் 256 முகவரிகளை 64, 64ஆக நான்கு கூறு போடுவது. 0, 64, 128, 192 என்று கூறுகள் தொடங்கும். 130 எந்தக் கூறில் விழும்? மூன்றாவதில், அதாவது 128ல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பொறியியல் முடித்த பையனுக்கு இது வராமல் இல்லை. யாரும் அவனைப் போடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டம்ப்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: தேர்வு எழுதியவர்கள் வெளியே வந்து ஒப்பிக்கும் கேள்விகளைத் தொகுத்து விற்பது. இதைப் பள்ளிக்கூட நோட்ஸோடு ஒப்பிட்டு நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. "நம்ம படிப்பே மனப்பாடம்தானே, இதுல மட்டும் என்ன யோக்கியம்?" நோட்ஸ் பாடப்புத்தகத்தைச் சுருக்குவது. டம்ப்ஸ் வினாத்தாளைத் திருடுவது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வுத் திரையே திறக்கிறது. மாட்டினால் சான்றிதழைப் பறிக்க சிஸ்கோவுக்கு உரிமை இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித் தருகிற கோச்சிங் சென்டரை நான் பார்த்ததில்லை.

இலக்கிய நண்பர்கள் வேறு பக்கமிருந்து வருவார்கள். "இதெல்லாம் கார்ப்பரேட் படிப்பு, ஒரு கம்பெனி தன் சரக்கை விற்கக் கொடுக்கிற காகிதம், இதுல என்ன அறிவு இருக்கு?" 1998ல் சிஸ்கோ தொடங்கிய தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பாடத்தில் பெரும்பகுதி சிஸ்கோவின் சொத்து இல்லை. இணைய நெறிமுறையின் மூல ஆவணமான ஆர்எஃப்சி 791, 1981ல் வெளிவந்தது. யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

அதில் இருக்கிற அறிவு டெல்டாக்காரனுக்கு அந்நியமும் இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். மதகைத் திறப்பவர் கடைமடை வயல்வரைக்கும் எல்லா வாய்க்காலையும் மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை. தன் இடத்தில் எந்த மதகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். அடுத்த தலைப்பில் இருப்பவர் அடுத்ததைப் பார்த்துக்கொள்வார். ரவுட்டரும் அப்படித்தான். முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. அடுத்து யாரிடம் தள்ளுவது என்பது மட்டும் தெரியும். இதைச் சொன்னபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு மாத கோச்சிங்கில் இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லையாம்.

இவ்வளவு பேசுகிற நான் எப்படிப் பாஸ் பண்ணினேன்? டம்ப்ஸ் படித்துத்தான். 2012, அப்போது தேர்வு எண் 640-802. "ரூட் பிரிட்ஜாகத் தேர்வாவது எது?" "மிகக் குறைந்த பிரிட்ஜ் ஐடி உள்ளது." இன்றும் தூக்கத்தில் சொல்வேன்.

முதல் வேலை நெட்வொர்க் சப்போர்ட். ஒரு ராத்திரி ஒரு ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் மொத்தமாக நின்றுபோனது. சுவிட்சுகளில் எல்லா விளக்கும் வெறிபிடித்த மாதிரி மின்னுகின்றன. லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போகவில்லை. ஒரு நர்ஸ் ரிப்போர்ட்டைக் கையில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் சுவரில் இருந்த இரண்டு இணைப்புகளில் செருகிவிட்டிருக்கிறார்கள். அங்கே லூப்பைத் தடுக்கும் ஏற்பாட்டையும் எவரோ அணைத்து வைத்திருந்தார்கள். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் இல்லை. லூப்பில் மாட்டினால் சுற்றிச் சுற்றிப் பெருகி மற்ற எல்லாவற்றையும் நெரித்துவிடும். இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985ல் ஸ்பேனிங் ட்ரீயை வடிவமைத்தார். அதை விளக்கக் கவிதைகூட எழுதியிருக்கிறார். இத்தனையும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு என்னிடம் இருந்தது "மிகக் குறைந்த பிரிட்ஜ் ஐடி" என்ற ஒரு வரி. இரண்டு மணி நேரம் சுவிட்சுகளை அணைத்து அணைத்துப் போட்டேன். கடைசியில் சான்றிதழே இல்லாத ஒரு சீனியர் வந்து கேபிளைப் பிடுங்கினார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

ஆகவே டம்ப்ஸ் தப்பு. ஆனால் டம்ப்ஸ் படிக்கிற பையனை மட்டும் திட்டிவிட்டுப் போவது அதைவிடச் சுலபமான தப்பு.

கூத்தாநல்லூர் சபராளிகளின் ஊர். எழுபதுகளின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ராஜூலா ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரன்கள் இங்கே இருக்கிறார்கள். 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். தாத்தா கப்பலில் போன வழியில் இன்று பாக்கெட் போகிறது. பேரன் போவதற்கோ முதலில் காகிதம் கேட்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு 300 டாலர், வரி தனி. தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி முழுக் கட்டணம். ஜெயித்தாலும் மூன்று வருஷம்தான் செல்லுபடி. ஒரே தடவையில் ஜெயித்தாக வேண்டிய பையன் கணக்குப் போடுவானா, பிடிஎஃப் வாங்குவானா? அவனுடைய பயத்தில் பிழைக்கிறது டம்ப்ஸ் கடை. ரெஸ்யூமில் நாலு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஒரு சப்நெட்கூடப் போடச் சொல்லாத ஹெச்ஆர்தான் அந்தக் கடையின் பங்குதாரர்.

இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இன்று இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில் இருப்பீர்கள். என்னைப் போலவே பாஸ் பண்ணியவர்களும் அதில் இருப்பீர்கள். சான்றிதழைக் கேட்காதீர்கள். பாக்கெட் ட்ரேசர் இலவசம். அதில் ஒரு நெட்வொர்க்கைக் கெடுத்துவைத்து, சரிபண்ணச் சொல்லுங்கள். அரைமணி நேரம் போதும். சான்றிதழ் வேண்டியே தீரும் என்றால் வேலைக்கு எடுத்துவிட்டுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள்.

பையன் தேர்வைத் தள்ளிப்போட்டுவிட்டான். அக்காவுக்கு என்மேல் கோபம். "நீ மட்டும் எப்படியோ பாஸ் பண்ணி மேல போயிட்ட, எம்புள்ளைக்கு வந்து யோக்கியம் சொல்றியா?" பதில் சொல்ல வாயில்லை. தேர்வுக் கட்டணத்தை நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் தோற்றால் இரண்டாவது கட்டணமும் என்னுடையதுதான்.