குப்பிக்குள் ஒரு புதினாத் தோட்டம்

துவையலுக்குப் புதினா ஆய்ந்த பின், மிஞ்சிய தண்டுகளைக் கொல்லையில் ஊன்றி வைப்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். பத்து நாளில் அவை வேர் பிடித்துவிடும். இவ்வளவு சுலபமாக வளரும் செடியைக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து, உப்பும் சர்க்கரையும் ஊட்டி வளர்ப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

மருந்துக்கும் மிட்டாய்க்கும் தைலம் தருகிற 'பெப்பர்மிண்ட்' என்பது இரண்டு ஜாதிப் புதினாக்கள் கலந்து பிறந்தது. அது பூக்கும், ஆனால் முளைக்கத்தக்க விதை தராது. ஆகையால் தலைமுறை தலைமுறையாகத் தண்டை நட்டே அதைப் பெருக்க வேண்டியிருக்கிறது. தாய்ச் செடியின் மணத்துடன் அதன் வியாதியும் கூடவே வந்துவிடுகிறது! அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் புதினா வயல்களில் 1920-களில் வாடல் நோய் புகுந்தது. அந்தக் காளான் மண்ணில் பல வருஷம் தங்கக் கூடியது. குடியானவர்கள் புது நிலம் தேட நேர்ந்தது. புது நிலத்திற்கு நோயுற்ற தண்டையே எடுத்துச் சென்றால் என்ன பயன்?

ஆகவேதான், குருத்து நுனியிலிருந்து கடுகினும் சிறிய துணுக்கை அறுத்துக் குப்பியில் இடுகிறார்கள். அதைத் தளிர்க்கச் செய்பவை இரண்டு வஸ்துக்கள்: ஸைட்டோகைனின், ஆக்ஸின். முன்னது மிகுந்தால் தளிர்கள் கிளைக்கும். பின்னது மிகுந்தால் வேர் இறங்கும். ஸ்கூக், மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் 1957-ல் புகையிலைத் திசுவைக் கொண்டு இதை நிரூபித்தார்கள். ஒரு லிட்டர் ஆகாரத்தில் ஒன்றிரண்டு மில்லிகிராமே போதும். ரசத்தில் உப்புப் பார்க்கிற கை வேண்டும். ஸைட்டோகைனின் அதிகமாகிவிட்டால் தளிர்கள் நீர் கோத்துக் கண்ணாடி போலாகும். மண்ணில் வைத்தால் பிழைப்பது அரிது.

வெளிச்சத்தின் விஷயம் இன்னும் விசித்திரமானது. குப்பிக்குள் சர்க்கரை இருப்பதால், வெளிச்சம் அங்கே உணவாவதைவிடக் கட்டளையாகவே வேலை செய்கிறது. பெரும்பாலும் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. சிவப்பு ஒளியை மட்டும் காட்டினால் தண்டு ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும். நீல ஒளியில் குட்டையாக, உறுதியாக நிற்கும். இரண்டையும் கலந்து கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒளிக்கும் மருந்துக்கும் ஒரு சச்சரவும் உண்டு. செடிகளில் இயற்கையாக உள்ள இண்டோல் அஸெடிக் அமிலம் என்னும் ஆக்ஸின், வெளிச்சம் பட்டால் மெல்லச் சிதைந்துவிடும். தளிருக்கு வெளிச்சம் தருகிற அதே விளக்கு, வேருக்கான மருந்தைக் கெடுக்கிறது! அதனால், வேர்விடும் பருவத்தில் ஒளியை அதிகம் தாங்கும் வேறு ஆக்ஸின்களைச் சேர்ப்பது உண்டு.

வேர் விட்ட பிறகும் அவசரம் கூடாது. குப்பியின் ஈரக் காற்றில் பிறந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது. அதன் மூச்சுத் துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது. வெளியே எடுத்த அன்றே வெயிலில் வைத்தால் மாலைக்குள் துவண்டு போகும். மண்ணில் நட்டுக் கண்ணாடி மூடியால் கவிழ்த்து, தினம் சிறிது சிறிதாக மூடியைத் திறந்து பழக்குகிறார்கள். அதற்குள் புது இலைகள் விட்டுவிடுகின்றன.