படம் பிடித்தவர்களும் படத்தில் நின்றவர்களும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். சில பழைய புகைப்படங்களைப் பார்த்த பிறகுதான் அப்பழமொழியின் முழுப் பொருளும் எனக்கு விளங்கிற்று.

வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரைப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசு ஆவணக் காப்பகத்தின் படங்கள் சிலவற்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிகினி என்னும் பவளத்தீவில் எடுத்தவை அவை. தென்னை மரங்களினிடையே தீவு மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் கடற்படை அதிகாரி ஒருவர் பேசுகிறார். எவ்வளவு அமைதியான காட்சி! ஏதோ ஊர்ப் பஞ்சாயத்து என்றே முதலில் நினைத்தேன்.

தீர விசாரித்தபோது நெஞ்சு கனத்தது. அந்த அதிகாரி, மார்ஷல் தீவுகளின் இராணுவ ஆளுநர் பென் வயட். அணுகுண்டுச் சோதனைக்காக உங்கள் தீவைத் தற்காலிகமாகத் தருவீர்களா, அது மனித குலத்தின் நன்மைக்கே என்று 1946 பிப்ரவரியில் அவர் கேட்டார். எல்லாம் இறைவன் கையில் என்று தலைவர் ஜூடா விடை சொன்னார். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானியரை வென்று தீவுகளைக் கைப்பற்றிய படை அது. அதனிடம் மறுப்புச் சொல்லும் வலிமை அந்த எளிய மக்களுக்கு ஏது? அந்தச் சந்திப்பைப் பின்னர்ப் படக்கருவிகளுக்காக மறுபடியும் நடிக்கச் செய்தார்கள். ஒருமுறையன்று, பலமுறை! நாம் "சம்மதம்" என்று காண்பது ஒத்திகை பார்த்த சம்மதம்.

அவ்வாண்டு மார்ச் 7 ஆம் நாள் 167 பேரையும் கப்பலில் ஏற்றி ரோங்கெரிக் தீவில் இறக்கினார்கள். அங்கே அவர்கள் பட்டினியால் வாடினார்கள். 1948 இல் குவாஜலினில் கூடாரங்கள். அவ்வாண்டு இறுதியில் கிலி என்னும் தீவு. காயலில் மீன்பிடித்தே வாழ்ந்தவர்களுக்குக் காயலே இல்லாத தீவு!

பிகினியிலோ 1946 ஜூலை 1, 25 ஆம் நாட்களில் இரண்டு குண்டுகள் வெடித்தன. கோபுரங்களிலிருந்தும் விமானங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான படக்கருவிகள் அவற்றைப் பதிவு செய்தன. கடல்நீர் தூணாக எழும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் எடுத்த மற்றொரு படமும் உண்டு. சோதனைக்குத் தலைமை தாங்கிய கடற்படைத் தளபதி பிளாண்டி, வெடிப்புப் புகையின் வடிவில் செய்த கேக்கை மனைவியுடன் புன்னகையோடு வெட்டுகிறார். அந்தப் படத்தையும் பட்டினி கிடந்த ரோங்கெரிக்கையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள்!

1954 மார்ச் 1 ஆம் நாள் பிகினியில் வெடித்த "பிராவோ" என்னும் ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்ததைப் போல் இரண்டரை மடங்கு ஆற்றலோடு, 15 மெகாடன்னாக வெடித்தது. ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பல் பொழிந்தது; அது இன்னதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாட்களுக்கு மேல் கழிந்த பிறகே அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். பின்னர் அவர்களையும் படம் பிடித்தார்கள், வெந்த கழுத்தையும் முடி உதிர்ந்த தலையையும் மருத்துவச் சான்றாக! ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேரும் அந்தச் சாம்பலுக்கு ஆளாயினர். அவர்களுள் ஒருவர் அந்தச் செப்டம்பரில் மாண்டார். 1946 முதல் 1958 வரை அத்தீவுகளில் நடந்த சோதனைகள் 67.

"அது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்கும் பங்குண்டு. பிராவோ வெடித்த மறுமாதமே, 1954 ஏப்ரல் 2 இல், சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார் பிரதமர் நேரு. அறுபது ஆண்டுகள் கழித்து, 2014 இல், அணு ஆயுதக் களைவுக்கு முயலவில்லை என்று மார்ஷல் தீவுகள் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது எதிர்த்தரப்பில் இந்தியாவும் நின்றது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 2016 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் 9 பேர் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம். சட்டத்தில் நாம் வென்றிருக்கலாம். நேருவின் குரலைப் பெருமையோடு படிக்கும் எனக்கு அந்த வெற்றியில் மகிழ்ச்சி கொள்ள இயலவில்லை.

அப்படங்களை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெருமைக்காக எடுத்த படங்களே இன்று குற்றத்துக்குச் சாட்சி. ஆனால் அவற்றின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள்: கப்பலுக்குப் பெயர் உண்டு, தளபதிக்குப் பெயர் உண்டு, வீட்டை இழந்தவர்கள் வெறும் "தீவுவாசிகள்". அவர்களின் பெயர்களையும், அடுத்து அவர்களுக்கு நேர்ந்ததையும் படத்தின் கீழே எழுதுவதுதான் ஆவணக் காப்பகங்கள் செய்யவேண்டிய முதற்பணி என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே! இனி எந்த அரசின் பழைய படத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்போம். படக்கருவி யார் கையில் இருந்தது? படத்தில் இருப்பவர் விரும்பி நின்றாரா? அடுத்த நாள் அவர் எங்கே இருந்தார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே வரலாறு கற்பதன் பயன்.