ஜான்ஸி வீரர்களும் நமது குப்பத்துப் பிள்ளைகளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, முகத்துவாரக்குப்பத்தில் நமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பரீட்சைக் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். வங்காள விரிகுடாவின் கரையிலேயே பிறந்து, அதன் உப்பிலேயே வளர்ந்த பிள்ளை ஒருவன், கொசஸ்தலை ஆறு அரபிக் கடலில் கலக்கிறது என்று எழுதியிருந்தான். அவனை என்ன செய்யலாமென்று யோசித்துக்கொண்டிருக்கையில், வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் அசல் ஹாக்கி மட்டை. மற்றவர் கைகளில் சவுக்குக் கிளையை வளைவு பார்த்து வெட்டிய கழிகள்.

"சார், ஹாக்கி சங்கம் ஆரம்பிக்கப் போறோம். நீங்கதான் தலைவரா இருக்கணும்" என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார்கள்.

வாங்கிப் பார்த்தோம். தலைவர், இரண்டு உபதலைவர், காரியதரிசி, துணைக் காரியதரிசி, பொக்கிஷதார் என்று ஆறு உத்தியோகஸ்தர்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அதன் கீழே வாங்க வேண்டிய சாமான்களின் ஜாபிதா: ரப்பர் முத்திரை ஒன்று, பெயர் அச்சிட்ட பனியன் பதினான்கு, விளம்பரப் பலகை ஒன்று. பந்து என்ற சொல்லைத் தேடினோம், அகப்படவில்லை.

"நல்லது, தம்பிகளா. எந்த இடத்தில் ஆடப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

காகிதக் கட்டை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அன்று அவர்களுக்கு நாம் சொன்ன வரலாற்றை நமது வாசகர்களுக்கும் சொல்லிவைப்பதில் தவறில்லை.

ஹாக்கி என்றதும் தியான்சந்தின் பெயர் எல்லோர் நாவிலும் வருகிறது. அவர் சொந்த ஊரில் ஆடிய சங்கத்தின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. 'ஜான்ஸி ஹீரோஸ்' என்பது அதன் பெயர். ராணி லக்ஷ்மிபாயின் ஜான்ஸிதான். தியான்சந்த் 1905 ஆகஸ்டு 29ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் சேனையில் பணி புரிந்தவராகையால் குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் ஜான்ஸியில் நிலைகொண்டது. 1922ல் தியான்சந்தும் சிப்பாயாகச் சேர்ந்தார். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டங்களில் 14 கோல் போட்டு உலகத்தை வியக்க வைத்தார். 1932ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அவருடன் தம்பி ரூப்சிங்கும் சென்றார். அங்கே அமெரிக்கரை நம்மவர் 24க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்தனர்.

இத்தகைய கீர்த்தியுடன் திரும்பிய மனிதர் ஊர்ச் சங்கத்தை மறந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மறுவருஷமே, 1933ல், ஜான்ஸி ஹீரோஸ் கோஷ்டியுடன் கல்கத்தாவுக்குப் போய், பெய்ட்டன் கோப்பைப் பந்தயத்தில் இறங்கினார். 1895ல் தொடங்கிய அப்பந்தயத்தில் ஜயிப்பது ஹாக்கிக்காரருக்குப் பெரும் பாக்கியம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தா கஸ்டம்ஸ் கோஷ்டி. துறைமுகச் சுங்க இலாகாவின் கட்சி அது. அக்காலத்தில் இந்தியாவிலேயே பலம் வாய்ந்த கட்சிகளுள் ஒன்று. ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று வந்த ஷௌகத் அலி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். சொந்த ஊர், சொந்த ஜனங்கள், பழகிய மைதானம் எல்லாம் அவர்கள் பக்கம். ஜான்ஸிப் பிள்ளைகளுக்கோ எல்லாம் புதிது.

ஆட்டம் முழுவதும் கஸ்டம்ஸார் கைதான் ஓங்கியிருந்தது. அலை மேல் அலையாக ஜான்ஸியின் கோலை முற்றுகையிட்டார்கள். ஆனால் பந்து உள்ளே நுழைய மறுத்தது. அவர்கள் எல்லோரும் முன்னேறி நெருக்கியிருந்த ஒரு சமயத்தில், தியான்சந்த் பந்தைப் பிடித்து, இஸ்மாயில் என்ற தோழருக்கு நீளமாக அனுப்பினார். இஸ்மாயில் காற்றாகப் பறந்தார். எதிர்க்கட்சியின் காப்பாளருக்கும் கோல் காவலருக்கும் யார் பந்தை எடுப்பது என்பதில் ஒரு கணம் தடுமாற்றம். அந்த ஒரு கணமே போதுமாயிருந்தது. ஆட்டத்தில் விழுந்த கோல் அது ஒன்றுதான். கோப்பை ஜான்ஸிக்குப் போயிற்று.

1936ல் பெர்லினில் தலைவராக நின்று, ஜெர்மனியை 8க்கு 1 என்று ஜயித்த மனிதர் தியான்சந்த். ஆயினும் தாம் ஆடியவற்றுள் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் 1933ம் வருஷத்துப் பெய்ட்டன் இறுதி ஆட்டத்தையே சொல்வேன் என்று தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'கோல்' என்னும் அந்த நூல் 1952ல் நமது சென்னையிலிருந்துதான் வெளிவந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றவருக்கு ஊர்ச் சங்கத்தின் ஒற்றைக் கோல் பெரிதாய்த் தோன்றிற்று. ஏனெனில் இஸ்மாயில் எங்கே ஓடுவார் என்பதை, பார்க்காமலே அறியும் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. மாலை தவறாமல் சேர்ந்து ஆடியவர்களுக்கே அது வாய்க்கும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன், அசல் மட்டைக்காரன், மெல்ல ஆட்சேபித்தான்: "சார், அது அந்தக் காலம். இப்போ எழும்பூர்ல நீல விரிப்பு மேல ஆடுறாங்க. மண்ணுல ஆடி என்ன பிரயோஜனம்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாம் அதை மழுப்ப விரும்பவில்லை. 1975ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் தியான்சந்தின் புதல்வர் அசோக் குமார். நமது தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸும் அக்கோஷ்டியில் இருந்தார். மறு வருஷம் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கை விரிப்பு வந்தது. அதில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். 1980ல் மாஸ்கோவில் நமது வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது. அப்புறம் 2021ல் டோக்கியோவில் வெண்கலம் வரும் வரையில் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் இல்லை. விரிப்பின் மேல் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடுகிறது. மண்ணில் பழகிய கைக்கு அது வேறு ஆட்டமாகவே ஆகிவிடுகிறது. அவ்விரிப்பைப் போடப் பெருந்தொகையும், நனைக்க ஏராளமான தண்ணீரும் வேண்டும். குடிதண்ணீருக்குக் குடங்களை வரிசை வைக்கும் குப்பத்தில் அதைப் பற்றிப் பேசுவது வீண்.

ஆனாலும் கோவில்பட்டியைப் பாருங்கள் என்றோம். கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன அச்சிறு நகரம், ஹாக்கிக்கும் பேர்போனது. சுற்றியுள்ள கிராமங்களில் பிள்ளைகள் மண் தரையில்தான் முதலில் மட்டை பிடித்தார்கள். செயற்கை விரிப்பு மைதானம் பின்னால் வந்தது; ஆடும் பிள்ளைகள் இருந்ததனால் வந்தது. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி ஆகிய இருவரும் 2022ல் ஆசியக் கோப்பைக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் இடம் பெற்றார்கள். பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலைப் போட்டவர் கார்த்திதான். எழும்பூருக்குப் பஸ் ஏறும் நாள் வரும்போது வரட்டும். அதற்குள் கால் பழக ஓர் இடம் வேண்டாமா?

இடம் இருக்கிறதா என்பதே நமது குப்பத்தின் பெரிய பிரச்னை. ஒரு புறம் கடல், ஒரு புறம் ஆறு, மற்ற புறங்களில் தொழிற்சாலைகளின் மதில்களும் குழாய்களும். மிஞ்சியிருப்பது, வலை உலர்த்தும் வெளி ஒன்றே. அதன் மேற்கு ஓரம் கெட்டித் தரை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவரிடம் போனோம். அவர் கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார்.

"வலை காயுற எடத்துல மட்டையைச் சுத்தினா எங்க பொழப்பு என்னாவுறது, வாத்தியாரே?" என்றார், தலையை நிமிர்த்தாமலே. அவர் சொன்னதும் நியாயந்தான். மீன் குறைந்துபோன காலத்தில், ஒரு வலை கிழிந்தால் ஒரு வீட்டு அடுப்பு பாதிக்கப்படும்.

மாலை நாலரை மணிக்கு மேல் வலைகளைச் சுருட்டிவிடுவதுண்டு. அதற்குப் பிறகு ஆடுவார்கள் என்றோம். ஜான்ஸியைப் பற்றியும் சொன்னோம். தியான்சந்த் 1979 டிசம்பர் 3ந் தேதி டில்லியில் காலமானபோது, அவரது உடலை ஜான்ஸிக்குக் கொண்டுவந்து, அவர் ஆடிய ஹீரோஸ் மைதானத்திலேயே ராணுவ மரியாதையுடன் தகனம் செய்தார்கள் என்றதும், பெரியவரின் கை ஊசியோடு நின்றது.

"ஆடின எடத்துலயேவா?" என்றார்.

"ஆம், ஐயா."

சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "நாலரைக்கு மேல ஆடுங்கடா. பந்து பட்டு ஒரு கண்ணு அறுந்தாலும், அறுத்தவனே ஒக்காந்து முடிச்சுப் போட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும்" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். முடிச்சுப் போடத் தெரியாதவன் அவர்களில் இல்லை. அங்கேயே அவரைத் தலைவராக்கிவிட்டோம். பணமே இல்லாத பொக்கிஷதார் உத்தியோகம் நமக்குக் கிடைத்தது.

மறுநாள் முதல் பிள்ளைகள் சிப்பியும் கண்ணாடித் துண்டுகளும் பொறுக்கித் தரையைச் சுத்தம் செய்து வருகிறார்கள். காகிதத்தை மறுபடி கொண்டுவந்து காட்டினார்கள். ரப்பர் முத்திரையை அடித்துவிட்டு, பந்து இரண்டு என்று எழுதியிருந்தது. அரபிக் கடல் பிள்ளைதான் காரியதரிசி.