லைசென்ஸ் இல்லைன்னா கால் வலிக்காதா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பாவைப் பார்த்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அவரும் சித்தியும் எக்ஸ்.எல். வண்டியில சந்தைக்குப் போயிட்டு திரும்பும்போது, எதிர்ல வந்த கார் இண்டிகேட்டர் கூட போடாம சடார்னு வலது பக்கம் திரும்பி இடிச்சிருச்சு. சித்தப்பாவுக்கு வலது கால்ல பிளேட். சித்திக்கு மணிக்கட்டு முறிவு. எஃப்.ஐ.ஆர்.ல வழக்கமான அந்த வரி, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டி வந்தார்னு, கார் ஓட்டினவர் மேல.

இழப்பீட்டு கேஸ் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல நடக்குது. இப்போ இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டார். விபத்து நடந்த அன்னிக்கு சித்தப்பாவோட லைசென்ஸ் காலாவதி ஆகி 8 மாசம். "பெரியவர் மேலயும் தப்பு இருக்கு, 30 சதவீதம் கழிச்சுக்கிட்டு மக்கள் நீதிமன்றத்துல முடிச்சுக்கலாம்"னு சொல்லிட்டாராம். 8 லட்சம் வரும்னு வெச்சுக்குங்க, அதுல 2,40,000 காலி!

இதுல கொடுமை என்னன்னா, சித்தப்பாவே அதை நம்பிட்டார். "விடுடா, தப்பு நம்ம மேலயும் இருக்குல்ல. கோர்ட்டுல நாலு பேர் முன்னாடி லைசென்ஸ் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

நாம எல்லாரும் பண்ற குழப்பம் இதுதான் மக்களே. "சட்டத்தை மீறினாரா?" அப்படிங்கறது ஒரு கேள்வி. "விபத்து அதனாலதான் நடந்துச்சா?" அப்படிங்கறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, ரெண்டாவதுக்கும் ஆமான்னு ஆயிடாது. சித்தப்பா பர்ஸ்ல புது லைசென்ஸ் இருந்திருந்தா அந்தக் கார் திரும்பாம நின்னிருக்குமா?

இது என்னோட சொந்த சரக்கு இல்லை. 2008-லயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. அந்த வழக்குல பைக் ஓட்டினது லைசென்ஸே எடுக்க முடியாத சின்னப் பையன். லைசென்ஸ் இல்லைங்கறது தனிக் குற்றம், ஆனா அது மட்டுமே விபத்துல அவனுக்கும் பங்கு இருக்குன்னு ஆக்காதுன்னு தீர்ப்பு. 2020-ல இன்னொண்ணு. ஒரே பைக்ல மூணு பேர், பின்னாலிருந்து கார் மோதினதுல ஒருத்தர் இறந்துட்டார். மூணு பேர் போனதுக்காக கழிச்ச 10 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. விதிமீறலுக்கும் விபத்துக்கும், இல்லை காயத்தோட தீவிரத்துக்கும், நேரடித் தொடர்பைக் காட்டணும்னு சொன்னாங்க.

கடைசியா சொன்னதைக் கவனிங்க. ஹெல்மெட் போடாதவருக்கு தலையில அடின்னா, "போட்டிருந்தா இவ்ளோ அடி பட்டிருக்காது"ன்னு எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கு. அதே ஆளுக்கு கால் முறிஞ்சா? ஹெல்மெட்டை கால்லயா மாட்டறோம்? :-)

"அப்போ சட்டத்தை மீறறவனுக்கு வக்காலத்தா?"ன்னு சில பேர் பின்னூட்டத்துல கேப்பீங்க. இல்லைங்க. ராங் சைடுல வந்திருந்தா, குடிச்சிட்டு தள்ளாடி ஓட்டியிருந்தா, தாராளமா கழிக்கட்டும், நானே கை தட்டுவேன். லைசென்ஸ் இல்லாததுக்கும் தண்டனை இருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 5,000 ரூபாய் அபராதம், 3 மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். அதை அவர் அரசாங்கத்துக்குக் கட்டட்டும். 2,40,000 ரூபாயை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏன் விட்டுக் கொடுக்கணும்? அந்தப் பணம் அவரோட ஆபரேஷன் செலவு, வயலுக்குப் போக முடியாத மாசங்களோட கூலி.

சித்தி விஷயம் இன்னும் தெளிவு. பின்னாடி உக்காந்திருந்தவங்க எதையும் ஓட்டலை. ரெண்டு வண்டிக்காரங்க மேலயும் தப்புன்னே தீர்ப்பு வந்தாலும், அவங்க முழுத் தொகையையும் ரெண்டுல ஒரு தரப்புகிட்ட கேக்கலாம். 2015-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. சித்தப்பா பங்குன்னு சொல்லி சித்தி பணத்துல கை வைக்க முடியாது.

இன்னொண்ணு. பாதிக்கப்பட்டவர் மேலயும் தப்புன்னு யார் சொல்றாங்களோ அவங்கதான் அதை நிரூபிக்கணும். இது கிரிமினல் கேஸ் மாதிரி இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னுதான் பார்ப்பாங்க. அதனால போலீஸ் வரைஞ்ச ஸ்கெட்ச், வண்டி எந்தப் பக்கம் நசுங்கியிருக்குங்கற போட்டோ, பக்கத்துக் கடைக்காரர் சாட்சி, இதுக்கெல்லாம் மதிப்பு ஜாஸ்தி. யாருக்கும் விபத்து வரவேண்டாம். வந்தா, ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு நடுவுலயும் யாராவது ஒருத்தர் நாலு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

ராத்திரி முழுக்க இதையே பேசினேன். சித்தப்பா எதுவும் சொல்லலை. காலைல காபி குடிக்கும்போது, "அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடலைடா, நம்ம வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்"னார். அப்புறம் ஒரு ஊன்றுகோலை எடுத்துக்கிட்டு, "வா, லைசென்ஸ் புதுப்பிக்க என்னென்ன வேணும்னு கேட்டுட்டு வரலாம்" அப்படின்னார்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சித்தப்பா பையன் மட்டுமே. உங்க கேஸுக்கு உங்க வக்கீலைக் கேளுங்க. சட்டம் படிச்ச பதிவர்கள் யாராவது இருந்தா, நான் தப்பா சொல்லியிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன்.